ஆறாம் காரணம்

கல்யாணம் செய்துகொள்ள யாரும் காரணம் கேட்பதில்லை. இரண்டு பேர் வந்து நின்று, கையெழுத்துப் போட்டு, போட்டோவுக்குச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அதைக் கலைக்கும்போதுதான் காரணம் வேண்டும். அதுவும் உங்கள் இஷ்டத்துக்கு ஒரு காரணம் செல்லாது, அங்கீகரிக்கப்பட்ட காரணமாக இருக்க வேண்டும். இதற்கென்றே ஒரு அலுவலகம் இருக்கிறது. மணமுறிவுக் காரணப் பதிவகம் என்று பெயர். நான்காம் மாடி. லிஃப்ட் வேலை செய்யாது.

அந்தப் பதிவகத்திலிருந்து லிஃப்ட்காரருக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் அவருக்குத்தான் போன் வரும். கடிதத்தில் இப்படி இருந்தது: 'பொருள்: தங்கள் திருமணத்தை முடிவுக்குக் கொண்டுவருதல் – காரணம் எண் 6 – தங்கள் ஒப்புதல் கோருதல் – தொடர்பாக.' அடியில் ஒரு கையெழுத்து, அதன் மேலேயே ஒரு முத்திரை, அதனால் இரண்டுமே படிக்க முடியவில்லை.

மனைவி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. "அக்கா வீட்டுக்குப் போறேன்" என்று சொன்னாள். அவர் "உம்" என்றார். அந்த வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக அதிகம் புழங்கிய சொல் அதுதான். குழாய் ஒழுகுகிறது என்றாலும் உம், மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது என்றாலும் உம். இரண்டுக்கும் ஒரே உம்தான், ஏற்ற இறக்கம் கிடையாது. நாலாம் நாள்தான் அவருக்கு உறைத்தது. ஜன்னலோரம் இருந்த தையல் மெஷினைக் காணோம். தரைவிரிப்பில் நான்கு குழிகள் மட்டும் இருந்தன. மூன்று நாளாக அந்தக் குழிகளைத் தாண்டித்தான் குளிக்கப் போய் வந்திருக்கிறார்.

கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுச் சகலைக்குப் போன் போட்டார். சகலை என்றால் மனைவியின் அக்கா புருஷன். ஓய்வு பெற்ற ஸ்டோர்கீப்பர். பேப்பரில் வருவதையெல்லாம் கத்தரித்து ஃபைலில் வைக்கிறவர்.

"சகலை, ஆறுன்னா என்ன?"

"இருங்க. பதிவகம் போடற 'பத்துப் பொதுவான காரணங்கள்' கட்டிங் எங்கிட்ட இருக்கு." காகிதம் சரசரத்தது. "ஒண்ணு மாமியார். ரெண்டு குடி. மூணு சந்தேகம். நாலு வந்து... ஆங், ஆறு." அப்புறம் சத்தமே இல்லை.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். ஆறு, மூணாம் மனுஷர் தொடர்பு."

"யாரு?"

"அது போடல சகலை."

பிறகு சகலை குரலைத் தாழ்த்தி, "அவ இங்கதான் உள்ள துணி வெட்டிட்டு இருக்கா. கூப்பிடட்டுமா? நீங்களே கேட்டுருங்க" என்றார்.

"வேண்டாம். நான் ஆபீஸ்லயே கேட்டுக்கறேன்."

ஆளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கட்டிய மனைவி ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், இவர் நாலு மாடி ஏறிப்போய் ஒரு ஜன்னலில் கேட்டுக்கொள்வதாகச் சொல்கிறார். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் அவருக்கு நிஜமாகவே இருந்தது. அடுத்த எட்டு நாள் முகம் தெரியாத ஒரு ஆண்பிள்ளை அவர் கூடவே இருந்தான். அவர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்தான், வேலைக்குப் போகும்போது வேனில் ஏறினான். லிஃப்ட்காரருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருமா என்று அவ்வப்போது உள்ளே தொட்டுப் பார்த்தார். மரத்துப்போன கால் மாதிரி இருந்தது.

ஒன்பதாம் நாள் லீவு போட்டுவிட்டுப் பதிவகத்துக்குப் போனார். கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவில் 'தற்காலிகமாக இயங்காது' என்று ஒரு பலகை தொங்கியது. பலகைக்கே வயசாகி, எழுத்து மங்கி, மேலே இன்னொருவர் மை தடவியிருந்தார். லிஃப்ட்காரர் சும்மா இருப்பாரா, கதவில் காதை வைத்தார், பொத்தானை அமுக்கினார், மூன்றாம் மாடிக் கதவுத் தொடர்பில்தான் கோளாறு என்று அரை நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. கால் மணி நேர வேலை.

மேலே போனதும் விசாரணை ஜன்னலில் இருந்த அம்மாளிடம் முதலில் அதைத்தான் சொன்னார். சொந்த விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததும் ஒரு காரணம்.

"லிஃப்ட் ரிப்பேர் இல்லீங்க" என்றார் அம்மாள், நிமிராமலே. "பதிவேட்டுல நல்லா ஓடுதுன்னு இருக்கு. நல்லா ஓடற லிஃப்டை எப்படிங்க ரிப்பேர் பண்ண முடியும்?"

"ஆனா ஓடல."

"அதனாலதான் போர்டு மாட்டியிருக்கோம். உங்களுக்கு என்ன வேணும்?"

கடிதத்தை நீட்டினார். "இந்த ஆறு."

"பழைய ஆறா, புது ஆறா?"

அவர் விழித்தார். அம்மாள் பெருமூச்சு விட்டு விளக்கினார். போன வருஷம் பட்டியலைத் திருத்திவிட்டார்கள். மூணாம் மனுஷர் இப்போது நான்கு. இன்றைய தேதிக்கு ஆறு என்றால் இடைவிடாத சண்டை.

எட்டு நாளாகக் கூடவே இருந்த ஆள் எழுந்து போய்விட்டான். அவன் போன இடத்தில் சந்தோஷம் வரும் என்று லிஃப்ட்காரர் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"நாங்க சண்டையே போட்டதில்லீங்களே."

"சண்டை போடாம எப்படிங்க பிரியறீங்க?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். அவளே ஆறுன்னு எழுதியிருக்காளா?"

அம்மாள் ஃபைலைப் புரட்டி மனைவியின் விண்ணப்பத்தைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். காரணம் என்ற இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். பக்கத்தில் பென்சிலால், மனைவியின் சாய்ந்த கையெழுத்தில்: 'இடம் போதவில்லை. வேறு தாள் இணைக்கலாமா?' அதன் கீழே சிவப்பு மையில்: 'கூடாது.' கட்டத்துக்குள்ளே நீல மையில்: 6.

"சிவப்பு யாரு?"

"மேலதிகாரி."

"நீலம்?"

"நான்தான். கட்டத்தைக் காலியா விடக்கூடாதுல்ல."

லிஃப்ட்காரர் அந்தப் பென்சில் எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு தாளை நிரப்பும் அளவுக்கு அவளிடம் ஏதோ இருந்திருக்கிறது. அது என்ன என்று தெரியாமல் வீடு திரும்பக்கூடாது என்று தோன்றியது. ஆனால் மணி ஒன்றாகிவிட்டதால் ஜன்னலை மூடிவிட்டார்கள்.

அடுத்த புதன்கிழமை இருவரையும் சேர்த்து விசாரணைக்கு அழைத்தார்கள். மனைவி மருத்துவமனையில் படுக்கை விரிப்புகளைத் தைத்துச் சீர்செய்யும் பிரிவில் வேலை பார்ப்பவள். பாதி ஷிஃப்டில் கிளம்பி வந்திருந்தாள், முந்தானையில் வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. நாலு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. இணை இயக்குநர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

இணை இயக்குநர் கனிவான மனிதர். பேசும்போது எதிரே இருப்பவர்களுக்கு மேலே சுவரில் யாரோ கூட்டமாக உட்கார்ந்திருப்பது போலப் பார்ப்பார்.

"முன்னாடி இருந்தவங்க, வருஷம் முடிஞ்சப்புறம்தான் அறிக்கை போடணும்னு நினைச்சிட்டு இருந்தாங்க" என்று ஆரம்பித்தார். "என்ன ஆச்சு? ஒவ்வொரு வருஷமும் அறிக்கை லேட். நான் பொறுப்பேத்ததும் அதை மாத்தினேன். இப்ப ஜனவரி ரெண்டாம் தேதி புத்தகம் அச்சாகி வந்துடும். எந்தக் காரணத்துல எத்தனை விழுக்காடு, எல்லாம் அதுல இருக்கும். மிச்சம் பன்னிரண்டு மாசமும் ஜனங்க அதுக்கேத்தாப்பல பிரிஞ்சா போதும். பிரியறாங்க. ஒரு வருஷம்கூட எங்க புள்ளிவிவரம் தப்பினதில்ல."

"அப்ப இந்த ஆறு..." என்றார் லிஃப்ட்காரர்.

"ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் தீந்துடுச்சு. மாமியார் மார்ச்சிலேயே தீந்துட்டாங்க. ஆறுல முப்பத்தெட்டு இடம் இருக்கு. நல்ல காரணம். கௌரவமா இருக்கும்."

"சார்" என்றாள் மனைவி. "காரணத்தை நானே சொல்லலாங்களா?"

"தாராளமா சொல்லலாம்மா. பத்துக்குள்ள சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"முன்னாடி 'மற்றவை'ன்னு பதினொண்ணு இருந்துச்சு" என்றார் இணை இயக்குநர் வருத்தத்துடன். "எல்லாரும் அதையே போட ஆரம்பிச்சாங்க. தொண்ணூத்தாறு விழுக்காடு மற்றவை. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? இந்த ஊர்ல எவனுக்குமே எதுக்குப் பிரியறோம்னு தெரியலைன்னு நினைக்க மாட்டாங்களா? எடுத்துட்டோம்." நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கும் ஆகிடுச்சு, தெரியுமா? நான் ஒன்பதாம் நம்பர். சூதாட்டம். அந்த வருஷம் யாருமே எடுக்காம கிடந்துச்சு, துறைக்காக நான் எடுத்துக்கிட்டேன். சீட்டுக்கட்டைக் கையால தொட்டதில்ல. என் மனைவி ஒத்துழைச்சாங்க. நல்ல மாதிரி."

சுவரில் உட்கார்ந்திருந்தவர்கள் இதற்குக் கைதட்டினார்களோ என்னவோ, அவர் கொஞ்ச நேரம் புன்னகையுடன் இருந்தார். பிறகு, ஆறாம் காரணத்துக்கு நேரடிச் சான்று தேவை என்றும், சண்டை ஆய்வாளர் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து ஒரு சண்டையைப் பார்வையிடுவார் என்றும் சொல்லி அனுப்பிவைத்தார்.

படியிறங்கும்போது மனைவி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். தன்னோடு சேர்ந்து இறங்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று லிஃப்ட்காரர் முன்னால் போய்விட்டார். கீழே நின்று காத்திருந்தார். அவள் வந்து சேர்ந்ததும் வேனில் ஏறிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். மெலிந்த ஆள், தொண்டை கட்டியிருந்தது. ஒலி அளக்கும் கருவி ஒன்று, 'மாதிரிச் சண்டைகள்' என்ற கையேடு ஒன்று, பழைய செய்தித்தாளில் சுற்றிய இரண்டு பீங்கான் கோப்பைகள், இவ்வளவும் கொண்டுவந்திருந்தார். மனைவி அதற்கு முன்பே வந்து, தையல் மெஷின் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாறு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தவளிடம் லிஃப்ட்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அவளே எழுந்து ஆய்வாளருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வழக்கமா யாரு ஆரம்பிப்பீங்க?" என்றார் ஆய்வாளர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, பரவாயில்ல. கையேட்டுல பதினாலாம் பக்கம். தாமதமா வீடு திரும்பறது. எல்லாருக்கும் சுலபமா வரும். இது துறைக் கோப்பை, ரெண்டு. வீட்டுப் பாத்திரம் எவர்சில்வரா இருந்தா உடையாது, அதனால நாங்களே கொண்டுவந்துடறோம். உடைச்சப்புறம் துண்டெல்லாம் எண்ணித் திருப்பித் தரணும். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

லிஃப்ட்காரர் போட்டார். சண்டை ஆரம்பித்தது.

"இதுதான் வீட்டுக்கு வருகிற நேரமா" என்று மனைவி படித்தாள்.

"எனக்கு வேலை இருந்தது என்று எத்தனை முறை சொல்வது" என்று லிஃப்ட்காரர் படித்தார். வாய்ப்பாடு ஒப்பிப்பது போல இருந்தது.

"அடுத்து சார், 'கோப்பையை எறியவும்'னு போட்டிருக்கு பாருங்க" என்றார் ஆய்வாளர்.

லிஃப்ட்காரர் கோப்பையை எடுத்தார். ஆயுளில் ஒரு சாமானை அவர் எறிந்ததில்லை. ஸ்பேனரைக்கூடத் துடைத்துத்தான் கீழே வைப்பார். குனிந்து, கோப்பையைத் தரையில் சத்தமில்லாமல் வைத்தார். ஆய்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு எதையோ குறித்தார்.

இப்படி மூன்று பக்கம் போனது. கருவியின் முள் அசையவே இல்லை. பதினேழாம் பக்கத்தில் மனைவி ஒரு வரியைப் படித்துவிட்டு, அடுத்த வரிக்கு முன்னால் நிறுத்தினாள். பிறகு அதே தாழ்ந்த குரலில், "நான் பேசறது உங்களுக்குப் பேச்சா கேக்குதா, இல்ல வெளிய மழை பெய்யற மாதிரி ஏதோ சத்தமா கேக்குதா?" என்றாள்.

லிஃப்ட்காரர் தன் வரியைத் தேடினார். கிடைக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினார். பதினெட்டிலும் இல்லை. திரும்பிப் பதினாறுக்குப் போனார்.

"என்ன தேடறீங்க?" என்றார் ஆய்வாளர்.

"இதுக்கு என் பதில் எங்க இருக்குன்னு."

"அது கையேட்டுல இல்ல சார். அவங்களா சொன்னது." மனைவி பக்கம் திரும்பினார். "நல்லாத்தாம்மா இருந்துச்சு. ஆனா சொந்தமா சேத்துக்கிட்டா மதிப்பெண் போட முடியாது. சத்தமும் பத்தல."

அவர் குறிப்பில் எழுதியது இது: 'சண்டை சுமார். பொருள் சேதம் இல்லை. முயற்சி உள்ளது. கருணை மதிப்பெண்ணில் தேர்ச்சி.' கோப்பைகளை மறுபடி செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போனார். மனைவியும் அவர் பின்னாலேயே கிளம்பிவிட்டாள். லிஃப்ட்காரர் கதவருகில் நின்றார். அந்த வரி கையேட்டில் இல்லை என்பது மட்டும் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. அதைப் பற்றி அவளிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தார், நினைத்து முடிப்பதற்குள் அவள் தெருமுனை திரும்பிவிட்டாள்.

கடைசிக் கையெழுத்துக்கு மாதக் கடைசியில் வரச் சொன்னார்கள். அன்று பதிவகமே களேபரமாக இருந்தது. துறைச் செயலாளர் பார்வையிட வருகிறாராம். நடைபாதையில் கம்பளம் விரித்திருந்தார்கள். எல்லோர் மேஜையிலும் ஒரே மாதிரி ஃபைல்கள் ஒரே உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஊழியர்கள் பாதிப்பேர் வரவேற்கக் கீழே வரிசையில் நின்றார்கள். லிஃப்டில் பலகையைக் காணோம். பதிவேட்டில் ஓடுகிற லிஃப்டுக்குச் செயலாளர் வருகிற அன்று பலகை இருந்தால் நன்றாகவா இருக்கும்.

லிஃப்ட்காரர் விஷயம் தெரிந்தவர், படியேறித்தான் போனார். நாலாம் மாடியில் உட்கார்ந்திருந்தபோது அபாய மணி அடித்தது. உடம்பு தானாக எழுந்தது. நடைபாதைக்கு ஓடினார். கதவுக்கு மேலே விளக்கு மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றுபோயிருந்தது.

இணை இயக்குநர் வெளியே வந்தார். "என்ன சத்தம்?"

"உள்ள யாரோ மாட்டிக்கிட்டாங்க. மொட்டை மாடி மெஷின் ரூம் சாவி வேணும். முதல்ல கரண்டை நிறுத்தணும்."

"மாட்டிக்க வாய்ப்பில்லையே. போன வாரம்தான் 'நன்கு இயங்குகிறது'ன்னு கையெழுத்துப் போட்டேன்."

"மணி அடிக்குது சார்."

"மணியும் நல்லா இயங்குதுன்னுதான் அர்த்தம்" என்றார் இணை இயக்குநர். ஆனாலும் விசாரணை ஜன்னல் அம்மாளைச் சாவிக்கு அனுப்பினார். சாவி வைத்திருந்த காவலாளி கீழே வரவேற்பு வரிசையில் மூன்றாவது ஆள். செயலாளர் வருவதற்கு முன் வரிசை கலையக்கூடாது என்று உத்தரவு.

லிஃப்ட்காரர் எப்போதும் பையில் வைத்திருக்கும் முக்கோணச் சாவியால் வெளிக்கதவை ஒரு சாண் திறந்தார். உள்ளே லிஃப்ட் ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே நின்றது. அதன் கதவு மூடியிருந்தது. அவர் மண்டிபோட்டு, குனிந்து, இருபத்தாறு வருஷமாக எல்லாக் கட்டடத்திலும் கேட்கிற கேள்விகளைக் கேட்டார். அந்தக் குரலே வேறு. பொறுமையான, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை.

"பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன். உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்திதான்."

லிஃப்ட்காரருக்கு அது யாருடைய குரல் என்று தெரிந்துவிட்டது. ஆனால் வரிசையில் அடுத்த கேள்வி வாயில் தயாராக இருந்தது, அது பாட்டுக்கு வந்துவிட்டது. "மூச்சு விட சிரமமா இருக்கா?"

"இல்ல."

"வெளிச்சம் இருக்கா?"

"மங்கலா இருக்கு." அவள் உள்ளே சுவரில் சாய்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. "மூணு கேட்டுட்டீங்க."

"என்னது?"

"கேள்வி. மூணு. இதோட நாலு." சிரித்தாளா என்று தெரியவில்லை. "போன மழைக்காலம் ஆரம்பிச்சப்ப எண்ண ஆரம்பிச்சேன். நீங்களா என்கிட்ட ஒரு கேள்வி கேக்கறதுக்கு எத்தனை நாள் ஆகும்னு. 'சாவி எங்க', 'துண்டு எங்க' இதெல்லாம் சேத்தி இல்ல. என்னைப் பத்தி ஒரு கேள்வி. இருநூத்திப் பன்னெண்டு நாள். அப்புறம் எண்ணறது அலுத்துப்போச்சு. மெஷினைத் தூக்க ஆள் கூட்டிட்டு வந்தேன்."

லிஃப்ட்காரர் மண்டிபோட்டபடியே இருந்தார். தெரிந்துகொள்ள வேண்டும் என்று நாலு மாடி ஏறி இறங்கியதெல்லாம் இதற்குத்தான். தெரிந்துவிட்டது. கட்டத்தில் இடம் போதாதுதான்.

"லிஃப்டுல ஏன் ஏறின? ஓடாதுன்னு தெரியும்ல" என்றார்.

"மாடி ஏற முடியல. முட்டி."

"முட்டிக்கு என்ன?"

"தையல் மெஷின் மிதிச்சு மிதிச்சுத் தேஞ்சுபோச்சாம்."

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷமா." பிறகு, "உங்ககிட்ட சொன்னேன்" என்றாள்.

அப்போது தான் என்ன பதில் சொல்லியிருப்போம் என்று அவருக்கே தெரியும். அதனால் அதைக் கேட்கவில்லை. அவள் பக்கவாட்டாகப் படியிறங்கியதும், தான் முன்னால் போய்விட்டதும் நினைவுக்கு வந்தது. நெஞ்சில் எங்கோ வலித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வலித்ததால் அது என்ன என்று அடையாளம் கண்டுகொள்ள நேரமாயிற்று.

கீழேயிருந்து சாவி வந்தது. செயலாளர் வரவில்லையாம், வேறு துறைக்குப் போய்விட்டாராம், வரிசை கலைந்துவிட்டது. லிஃப்ட்காரர் மொட்டை மாடிக்குப் போய் மின்சாரத்தை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை நாலாம் மாடிக்குச் சமமாகக் கொண்டுவந்தார். இறங்கி வந்து கதவைத் திறந்தார். மனைவி எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள். இத்தோடு அவருக்குத் தெரிந்த கேள்விகள் முடிந்தன. கதவு திறந்த பிறகு கேட்பதற்கென்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

"பாத்தீங்களா" என்றார் இணை இயக்குநர் மகிழ்ச்சியுடன். "லிஃப்ட் வந்துடுச்சு. சும்மா பதறினீங்க."

கையெழுத்து மேஜையில் விசாரணை ஜன்னல் அம்மாள் தாளை நீட்டினார். காரணம் எண் 6, இடைவிடாத சண்டை. அதற்குக் கீழே கடைசி வரியாக: 'எதிர்மனுதாரருக்கு மனுதாரரிடம் கேள்விகள் ஏதேனும் உண்டா? ஆம் / இல்லை.' இல்லை என்பதில் நீல மையில் ஏற்கெனவே டிக் அடித்திருந்தது.

"இதை யாரு அடிச்சது?"

"நான்தான். எல்லாரும் இல்லைன்னுதான் சொல்லுவாங்க. அதனால முன்னாடியே அடிச்சு வச்சுடறது."

"ஆம்னு மாத்தலாமா?"

அம்மாள் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "மாத்தலாம். மாத்தினா மனு மறுபடி முதல்லேருந்து வரும். ஒரு வருஷம் ஆகும். அது வரைக்கும் அவங்க போக முடியாது. விசாரணை, ஆய்வு, எல்லாத்துக்கும் கூப்பிடும்போது வந்தே ஆகணும்."

லிஃப்ட்காரர் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி பக்கத்து நாற்காலியில் முட்டியை உள்ளங்கையால் தேய்த்தபடி, தாளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம். அவளை அடைத்து வைத்துவிட்டு வெளியே மண்டிபோட்டு உட்கார்ந்தால் தன்னால் நன்றாகவே பேச முடியும் என்று அவருக்குத் தெரியும். ஒரு வருஷம் முழுக்கப் பேச முடியும்.

டிக்கை அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அம்மாள் முத்திரை குத்தினார், கையெழுத்தின் மேலேயே.

வெளியே வந்தபோது லிஃப்டில் பழைய பலகையை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்கள். படி எண்பத்தெட்டு. மனைவி கைப்பிடியைப் பற்றிப் பக்கவாட்டாக முதல் படியில் காலை வைத்தாள். லிஃப்ட்காரர் இந்தத் தடவை முன்னால் போகவில்லை. ஒரு படி கீழே, அவளைப் பார்த்தபடி, அவள் காலை வைத்த பிறகே தானும் இறங்கினார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவள் நின்று மூச்சு வாங்கினாள்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

அவள் அடுத்த படியைப் பார்த்துக்கொண்டே, "உம்" என்றாள்.